ஆடிக்காற்றில் எழுந்து போன புல்தரை

ஆடி மாதத்துக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து, குறிஞ்சி கார்டன் இரண்டாவது வீதியில் காயப்போட்டிருந்த துணிகளையும், மொட்டைமாடித் தகரங்களையும், ஜெய்லானி பாயின் தையல் கடைப் போர்டையும் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலையில், அம்சவேணி டீச்சர் வீட்டுப் புல்தரை எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போனது.

முதலில் பார்த்தவர் பால்கார ஆறுச்சாமி. பார்த்தவர் வழக்கம்போல மணியடித்து, பாத்திரத்தில் பாலை ஊற்றி, நுரை அடங்கும்வரை நின்று, அதற்கப்புறம்தான் சொன்னார்.

"ஏனுங்க டீச்சர், உங்க புல்லு சென்னியப்பனூட்டுக்குப் போயிருக்குதுங்க."

"எந்தப் புல்லு?"

"மொத்தமுங்க."

டீச்சர் எட்டிப் பார்த்தார். மாமரத்தடியிலிருந்து கேட்டு வரைக்கும் பச்சையாகக் கிடந்த இடத்தில் ஈரச் செம்மண் மட்டும் இருந்தது, மண்புழுக்கள் வெளிச்சத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் நெளிந்துகொண்டிருந்தன.

அம்சவேணி டீச்சர் அரசுப் பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை பார்த்த காலமெல்லாம் கல்லும் நெருஞ்சியும் நிறைந்த மைதானத்தில் பிள்ளைகளை ஓடவிட்டு, விழுந்து எழுந்த முழங்கால்களுக்கெல்லாம் மருந்து தடவி, காலுக்கு மெத்தென்று ஒரு தரை வேண்டும் என்று விசில் ஊதிய ஒவ்வொரு நாளும் ஆசைப்பட்டவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதைப் பற்றி யாரும் கேட்கவும் அவர் விடவில்லை. ஓய்வு பெற்றதும் வீட்டைச் சுற்றியிருந்த மண்ணைக் கொத்தி, கல் பொறுக்கி, நர்சரியிலிருந்து சதுரம் சதுரமாகக் கொரியன் புல்லை வாங்கிவந்து பதித்து, சதுரங்களுக்கு நடுவே இருந்த கோடுகள் மறையும்வரை தினமும் தண்ணீர் தெளித்து, கடைசியில் ஒரு நாள் செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் நடந்தபோது, பள்ளிக்கூடத்தில் யாரும் பார்த்திராத மாதிரி அழுதார்.

பக்கத்து வீட்டுச் சென்னியப்பன் மில்லில் ஃபிட்டராக இருந்தவர். அவருடைய மனைவி வைத்த செம்பருத்தியும் கனகாம்பரமும் அந்த அம்மா இறந்த வருடம் ஒவ்வொன்றாகக் காய்ந்துபோனதைப் பார்க்கப் பொறுக்காமல், வாசல் முழுக்கச் சிமென்ட் போட்டு மூடிவிட்டார். சிமென்ட் சரிவாக இருந்ததால் மழைத்தண்ணீரெல்லாம் டீச்சர் வீட்டுக்குள் பாய்ந்தது, டீச்சர் கேட்டார், அவர் பதில் சொன்னார், பதில் நன்றாக இல்லை, அன்றோடு பேச்சு நின்றுபோனது. ஒருவருக்கொருவர் ஏதாவது சொல்லியே ஆகவேண்டுமென்றால் இருவரும் ஆறுச்சாமியிடம் சொல்வார்கள்.

டீச்சர் அவர் வீட்டுக் கேட்டருகே போய் நின்றபோது, புல்தரை சிமென்டின்மேல் மூலைக்கு மூலை சரியாகப் பொருந்தி, ஸ்கூட்டரைச் சுற்றி வளைந்து, படிக்கட்டு வரை விரிந்து கிடந்தது. சென்னியப்பன் பல் தேய்க்கும் பிரஷ்ஷோடு கடைசிப் படியில் நின்றிருந்தார். இறங்கலாமா கூடாதா என்று அவருக்குத் தெரியவில்லை.

"நானொண்ணும் கூப்படலீங்க," என்றார். இத்தனை வருடத்தில் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

"தெரியுதுங்க. கூப்பிட்டாப் போற புல்லு இல்ல அது," என்றார் டீச்சர்.

வீதிக்காரர்கள் கூடிப் பந்திப்பாய் சுருட்டுவதுபோலப் புல்லைச் சுருட்டி, தோளில் தூக்கிவந்து, பழைய இடத்தில் விரித்து, தண்ணீர் ஊற்றினார்கள். மறுநாள் விடியும்போது அது மறுபடியும் சிமென்டின்மேல் கிடந்தது. இன்னொரு தடவை தூக்கினார்கள், இன்னொரு தடவையும் போய்விட்டது. அப்புறம் வீதிச் சங்கத்தின் செயலாளர் சுபத்ராம்மா, பாலக்காட்டிலிருந்து கல்யாணமாகி வந்து வீதியின் எல்லாச் சண்டைகளையும் தீர்த்துவைத்தவர், தண்ணீர்த் தொட்டியடியில் எல்லோரையும் கூட்டினார். ஒருவர் பூச்சி மருந்து அடிக்கலாம் என்றார், ஒருவர் வேலி போடலாம் என்றார், ஒருவர் சென்னியப்பன் வீட்டு வாசலில் என்னவோ புதைத்திருக்கிறார் என்றார்.

கடைசியாக ஜெய்லானி பாய் கழுத்தில் கிடந்த அளவு டேப்பைச் சுருட்டிக்கொண்டே, "வந்தவங்கள ஏன் வந்தீங்கன்னு கேட்டா நல்லாவா இருக்கு? தண்ணி குடிச்சாச்சான்னு கேட்போம்," என்றார்.

சுபத்ராம்மாவுக்கு அது பிடித்துப்போனது. "அப்ப அதுதான் முடிவு கேட்டோ," என்றார் பாலக்காட்டுப் பேச்சில். புல் எந்த வீட்டில் இருக்கிறதோ அந்த வீடு தண்ணீர் கொடுக்க வேண்டும், பராமரிப்பெல்லாம் டீச்சர், விடிந்ததும் கேட்டைத் திறந்துவிட வேண்டியது வீட்டுக்காரர் பொறுப்பு.

அப்படித்தான் அம்சவேணி டீச்சர் சென்னியப்பன் வீட்டுக்குள் தினமும் போகவேண்டி வந்தது. ஆடிக்காற்று ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு போவதால் காலையில் நிதானமாக ஊறும்படி தண்ணீர் விட்டார், காற்று கொண்டுவந்து போட்ட சருகை விரலால் கோதி எடுத்தார், கோரை தலை நீட்டிய இடங்களில் குத்துக்காலிட்டு அதைக் கிழங்கோடு பிடுங்கினார். சென்னியப்பன் முதலில் ஜன்னலிலிருந்து பார்த்தார், பிறகு படியில் உட்கார்ந்து பார்த்தார், பிறகு டீச்சருக்கு ஒரு பலகை கொண்டுவந்து போட்டார், பிறகு ஹோஸ் பைப்பைத் தானே பிடித்தார்.

"ஒரே பக்கமா பீச்சாதீங்க, வேரு வெளிய வந்துரும்."

"சரிங்க."

"மழ பேயறாப்ல விடோணும்."

"மழை எப்புடிப் பேயும்னு எனக்குத் தெரியாதுங்களா?"

"தெரிஞ்சிருந்தா சிமென்ட இப்படிச் சரிவாப் போட்டிருப்பீங்களா?"

சென்னியப்பன் பைப்பைப் பார்த்தார், சிமென்டைப் பார்த்தார், சிரித்துவிட்டார். அடுத்த வாரம் ஒரு உளியும் சுத்தியலும் எடுத்துவந்து, சுவரோரமாக ஒரு வாய்க்கால் வெட்டித் தண்ணீரைத் தெருச் சாக்கடைக்குத் திருப்பினார். மறுநாள் டீச்சர் வரும்போது ஒரு டப்பாவில் வெல்லக் கச்சாயம் சுட்டுக் கொண்டுவந்தார்.

அந்த வருடம் முழுக்கப் புல்தரை வீதியில் உலாவியது. ஆவணியில் அது கல்யாண வீடொன்றின் முன் படுத்துக்கொண்டதால் பந்தலுக்குக் கார்பெட் வாடகைக்கு எடுக்காமல் விட்டார்கள், மறுநாள் டீச்சர் மிதிபட்ட இடங்களையெல்லாம் முள்கரண்டி போன்ற ஒரு கம்பியால் குத்திக் குத்தி மண்ணுக்குக் காற்று கொடுத்தார். புரட்டாசியில் வேர்ப்புழு வந்து அங்கங்கே மஞ்சள் வட்டம் விழுந்தபோது, வேப்பம் புண்ணாக்கைக் கரைத்து ஊற்றினார், வீதியே கசப்பாக மணத்தது, யாரும் முகம் சுளிக்கவில்லை. ஐப்பசியில் மழை விடாமல் அடித்து எல்லா வாசல்களிலும் தண்ணீர் தேங்கியபோது, புல்தரை தன் வேர் அழுகிவிடும் என்று தானே தெரிந்துகொண்டு சுபத்ராம்மா வீட்டு மாடிப்படிகளில் ஏறி மொட்டைமாடியில் போய்ப் படுத்தது. சுபத்ராம்மா துணி காயப்போட வேறு இடம் பார்த்தார். கார்த்திகையில் அதைச் சுற்றி விளக்கு வைத்தார்கள். மார்கழியில் அது எந்த வீட்டுக்கும் போகாமல் நடுவீதியில், இரண்டு பக்கத்து வெயிலும் கிடைக்கிற இடமாகப் பார்த்துக் கிடந்தது. பள்ளி வேன்கள் சுற்றிப் போயின. கோலம் போடுகிறவர்கள் அதன் ஓரம்வரை போட்டு நிறுத்திக்கொண்டார்கள். பனி கனத்த அந்த மாதத்தில் புல் மெதுவாகத்தான் வளரும் என்பதால் டீச்சர் வெட்டுகிற மெஷினைத் துடைத்து வைத்துவிட்டார்.

எங்கே போகும், ஏன் போகும் என்று முதலில் பந்தயம் கட்டினார்கள், பிறகு அதையும் விட்டுவிட்டார்கள். காலையில் கேட்டைத் திறந்ததும் வாசலைப் பார்ப்பது, குழாய் திறப்பதுபோல, பழக்கமாகிப்போனது. டீச்சரோ இதற்குள் ஒவ்வொரு வீட்டிலும் காபி குடித்திருந்தார். யாருக்குச் சர்க்கரை வியாதி, யார் வீட்டுப் பெண் பரீட்சைக்குப் படிக்கிறாள், யார் வீட்டில் இரண்டு பேர் பேசிக்கொள்வதில்லை என்று அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. புல் எந்த வீட்டுக்குப் போனாலும் சென்னியப்பன் பின்னாலேயே ஹோஸ் பைப்பைத் தோளில் சுருட்டிக்கொண்டு போனார்.

மாசி மாதம் டீச்சர் செம்மண்ணையும் மட்கிய சாணத்தையும் சலித்து, மாவு தூவுவதுபோலப் புல்லின்மேல் தூவிக்கொண்டிருந்த ஒரு காலையில் சென்னியப்பன் வரவில்லை. டீச்சர் சல்லடையைக் கீழே வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தார். அவர் சமையலறைத் தரையில் கிடந்தார், கண் திறந்திருந்தது, வாய் கோணியிருந்தது, இடது கையும் இடது காலும் அவருடையவை இல்லை என்பதுபோலத் தனியாகக் கிடந்தன.

ஆஸ்பத்திரியில் பல நாள் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது அவர் பேசினார், சாப்பிட்டார், ஆனால் நிற்கவில்லை. பெங்களூரிலிருந்து மகன் செந்தூரன் வந்தான். அப்பாவைத் தன்னோடு அழைத்துப்போவதாகவும், வீட்டை விற்றுவிடலாமென்றும் சொன்னான். நல்ல பையன்தான், அப்பாவின்மேல் உயிராக இருந்தான், அதனால்தான் அப்படிச் சொன்னான். சென்னியப்பன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பிசியோதெரபிஸ்ட் வந்து எழுப்பினால், "தரை சில்லுனு இருக்குது, காலு பதிய மாட்டேங்குது," என்றார். இது சாக்கு என்று எல்லோருக்கும் தெரிந்தது. அவருக்குப் பயம்.

அப்படி ஒரு நாள் காலையில் செந்தூரன் காபியோடு ஹாலுக்கு வந்தபோது, புல்தரை வாசற்படியேறி, நிலையைத் தாண்டி, மொசைக் தரையில் சுவருக்குச் சுவர் விரிந்து, அப்பாவின் கட்டிலைச் சுற்றிலும் பச்சையாகக் கிடந்தது. அவன் வாசலிலேயே செருப்பைக் கழற்றினான். சென்னியப்பன் கட்டிலிலிருந்து வலது கையைத் தொங்கவிட்டுப் புல்லைத் தடவிக்கொண்டிருந்தார்.

டீச்சர் வந்து புல்லையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தார். வீட்டுக்குள் வெயில் இல்லை. வெயில் இல்லாத புல் முதலில் நீளும், பிறகு வெளுக்கும், பிறகு சாகும். அது அவருக்குத் தெரியும், புல்லுக்கும் தெரியாமலிருக்காது.

"வெளிய தூக்கிப் போட்டுருங்க டீச்சர்," என்றார் சென்னியப்பன் குழறலாக. "எனக்காக அது சாகோணுமா?"

"அது என்ன நெனச்சு வந்துச்சோ, அத நாம தூக்கிப் போட்டா மறுபடி வரும். நீங்க எந்திரிங்க."

"முடியாதுங்க."

"முடியுதா முடியலையான்னு நான் கேக்கல. எந்திரிங்கன்னு சொன்னேன்."

அந்தக் குரல் ஒரு காலத்தில் மழையில் நனைந்த பெண்பிள்ளைகளை இன்னொரு சுற்று ஓடவைத்த குரல். சென்னியப்பன் எழுந்து உட்கார்ந்தார். இரண்டு பாதங்களையும் செந்தூரன் தூக்கிப் புல்லின்மேல் வைத்தான். இடது பாதத்தில் ஒன்றும் தெரியவில்லை என்றார். வலது பாதத்தில் என்ன தெரிகிறது என்று டீச்சர் கேட்டார். ஈரம், என்றார். அப்புறம் கொஞ்சம் யோசித்து, குறுகுறுன்னு இருக்குது, என்றார்.

அன்றைக்குப் பெங்களூர் டிக்கெட்டைச் செந்தூரன் தள்ளிவைத்தான்.

வெயிலுக்கு வழி கண்டுபிடித்தவர் ஜெய்லானி பாய். அவர் கடையில் பெண்கள் போட்டுப் பார்க்கிற ஆளுயரக் கண்ணாடி ஒன்று இருந்தது. அதை இரண்டு பேர் உதவியோடு தூக்கிவந்து எதிர்வீட்டுச் சுவரில் சாய்த்து, காலை வெயிலைப் பிடித்து, ஜன்னல் வழியாக ஹாலுக்குள் போட்டார். கட்டிலடியில் ஒரு துண்டு வெளிச்சம் விழுந்தது. அந்தத் துண்டில் இருந்த புல்லெல்லாம் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிமிர்ந்தது. சுபத்ராம்மா கண்ணாடி பதித்த தன் பீரோக் கதவைக் கழற்றச் சொன்னார். அதற்கப்புறம் டிரெஸ்ஸிங் டேபிள் கண்ணாடிகளும், பாத்ரூம் கண்ணாடிகளும், ஆறுச்சாமியின் வண்டிக் கண்ணாடியும், யாரோ தேய்த்துப் பளபளவென்று கொண்டுவந்த எவர்சில்வர் தாம்பாளங்களும் வீதி நெடுக வரிசையாக நின்றன. வெயில் நகர நகர அவற்றையும் நகர்த்த வேண்டியிருந்ததால், வேலைக்குப் போகிறவர்கள் போகுமுன்பும், வீட்டிலிருப்பவர்கள் சமையலுக்கு நடுவிலும், ஓய்வு பெற்றவர்கள் பேப்பர் படித்துக்கொண்டும், முறைவைத்துக் கண்ணாடி திருப்பினார்கள். பங்குனி முழுக்க அந்த ஹாலுக்குள் வெயில் மரத்தடியில் விழுவதுபோலத் திட்டுத்திட்டாக விழுந்தது.

சித்திரையில் தண்ணீர் வரவில்லை. குழாய் என்றைக்காவது இருமியது, அவ்வளவுதான். லாரித் தண்ணீரைக் குடத்தில் அளந்து பிடித்தார்கள், குளிப்பதைக்கூடத் தள்ளிப்போட்டார்கள். புல்தரையின் ஓரங்கள் வைக்கோல் நிறமாயின, தொட்டால் முறிந்தன. டீச்சர் புல்லை வெட்டாமல் நீளமாக விட்டு, தன் நிழலிலேயே தன் ஈரத்தைக் காத்துக்கொள்ளும்படி செய்தார், அதற்குமேல் செய்ய அவரிடம் ஒன்றும் இல்லை. வீதியிடம் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. குழந்தைகள் இருக்கிற வீடுகள், குடிக்கிற தண்ணீர்.

அவர் கேட்காமலேயே வந்தது. அரிசி களைந்த தண்ணீர் ஒரு சொம்பு, காய்கறி கழுவியது அரைக் குண்டான், தொழுகைக்குக் கைகால் கழுவியதை ஜெய்லானி பாய் ஒரு பேசினில் பிடித்து, பால் கேன் அலசியதை ஆறுச்சாமி, கைக்குழந்தையைக் குளிப்பாட்டியதை மூன்றாவது வீட்டு மருமகள், எல்லோரும் வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்து, எங்கே காய்ந்திருக்கிறது என்று குனிந்து பார்த்து ஊற்றிவிட்டு, "இன்னிக்கு எத்தன தூரம் நடந்தீங்க?" என்று சென்னியப்பனிடம் கேட்டுவிட்டுப் போனார்கள். கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லவேண்டுமே என்பதற்காகவே அவர் நடந்தார். முதலில் கட்டிலிலிருந்து நாற்காலி வரைக்கும், டீச்சரின் தோளைப் பிடித்துக்கொண்டு. பிறகு ஜன்னல் வரைக்கும், சுவரைப் பிடித்துக்கொண்டு. ஒரு தடவை விழுந்தார். மொசைக்கில் விழுந்திருந்தால் இடுப்பு போயிருக்கும், புல்லில் விழுந்ததால் மல்லாந்து கிடந்து விட்டத்தைப் பார்த்து, "மெத்துனுதான் இருக்குதுங்க," என்றார். டீச்சர் அவர் பக்கத்திலேயே புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

வைகாசி முடிவதற்குள் கட்டிலுக்கும் வாசலுக்கும் நடுவில் புல் தேய்ந்து ஒரு ஒற்றையடிப் பாதை விழுந்திருந்தது. செந்தூரன் அப்பாவை ஒரு கைத்தடியோடு வாசலில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு, தனியாகப் பெங்களூர் போனான்.

ஆனி பிறந்ததும் மேற்கே மலை கறுத்துச் சாரல் விழுந்தது. கண்ணாடிகள் அவரவர் வீட்டுக்குத் திரும்பிப் போயிருந்தன. அன்றைக்குக் காலை வெளிச்சத்தில், எல்லோரும் பார்த்திருக்க, புல்தரை முதல்முறையாகப் பகலில் கிளம்பியது. ஹாலைவிட்டு இறங்கி, வாசலைக் கடந்து, வீதியில் மெல்ல ஊர்ந்தது. எந்த வீட்டுக்கு என்று ஒவ்வொருவரும் தங்கள் கேட்டை அகலத் திறந்துவைத்து நின்றார்கள். அது டீச்சர் வீட்டு முன்னால் கொஞ்சம் நின்றது. டீச்சரின் வலது கை கேட்டின்மேல் இருந்தது. பிறகு புல்தரை நகர்ந்து, கடைசி வீட்டையும் தாண்டி, மெயின் ரோட்டில் திரும்பியது.

"டீச்சர், சுருட்டிப் பிடிச்சரலாமா?" என்று ஆறுச்சாமி பதறினார்.

"வேண்டாம். எங்க போகுதுன்னு பாத்துட்டு வர்றேன்."

"நானும் வர்றேனுங்க," என்றார் சென்னியப்பன்.

புல்தரை முன்னால் போனது, அவர்கள் இருவரும் குடை பிடித்துக்கொண்டு பின்னால் போனார்கள். சென்னியப்பன் இடது காலை இழுத்து இழுத்துத்தான் நடந்தார், புல்லும் அதற்குத் தகுந்த வேகத்தில்தான் போனது, இளைப்பாற அவர் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபோது அதுவும் புளியமரத்தடியில் ஒதுங்கிக் கிடந்தது. டவுன் பஸ்கள் ஹாரன் அடித்துவிட்டு ஒதுங்கிப் போயின. தோட்டங்களை மனையாகப் பிரித்துக் கல் நட்டிருந்த ஓர் இடத்தில், ஒரு மரமும் இல்லாத வெட்டவெளியில், பூச்சுவேலை முடியாத ஒரே ஒரு வீடு நின்றது. அதன் முன்னால் ஜல்லியும் உடைந்த செங்கல்லும் கிடந்தன. புல்தரை அவற்றின்மேல் ஏறி, இரண்டு தடவை புரண்டு, சரிப்படுத்திக்கொண்டு படுத்தது.

கதவைத் திறந்து ஒரு பெண் வந்தாள். இடுப்பில் கைக்குழந்தை, பல நாள் தூங்காத கண்கள். பெயர் சிந்துஜா, திண்டிவனம் பக்கம், வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, கணவனுக்கு ஷிஃப்ட் வேலை, பகலெல்லாம் அவளும் குழந்தையும்தான் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. அவள் புல்லைப் பார்த்தாள், குடைக்குள் நின்ற இருவரையும் பார்த்தாள்.

"இது யாருதுங்க?"

டீச்சர் குனிந்து புல்லின் ஓரத்தை ஒரு தடவை தடவினார். சென்னியப்பன் வேறு பக்கம் பார்த்தார்.

"உன்னுதுதான் கண்ணு," என்றார் டீச்சர். "எனக்கு இத எப்படிப் பாக்கறதுன்னு தெரியும், சொல்றேன், கேட்டுக்க. இப்ப சாரல் விழுகுது, தண்ணி வேண்டாம், கோரைய மட்டும் கிழங்கோட புடுங்கு. ஆடியில காத்தடிக்கும், காலையில நல்லா ஊற விடு. புரட்டாசியில மஞ்ச வட்டம் விழுந்தா வேப்பம் புண்ணாக்கு. ஐப்பசி மழைக்கு அது மாடி ஏறும், கதவத் திறந்து வை. மார்கழியில அத வெட்டாத, சும்மா உடு. மாசியில செம்மண்ணும் சாணியும் சலிச்சுத் தூவு. சித்திரையில…" என்று நிறுத்தினார். "சித்திரையில நீ ஒருத்தியா இருந்தா முடியாது. அதுக்குள்ள அக்கம்பக்கம் வீடு வந்துரும். வரலீன்னா எனக்குப் போன் பண்ணு, நாங்க எல்லாம் வர்றோம்."

சிந்துஜாவுக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் அவள் செருப்பை உதறிவிட்டு இறங்கி, ஈரப் புல்லில் உட்கார்ந்து, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டாள். வந்ததிலிருந்து வாசலில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. குழந்தை ஒரு கைப்பிடிப் புல்லைப் பிடித்து இழுத்தது. டீச்சரும் பக்கத்தில் உட்கார்ந்து, குழந்தைக்கு எத்தனை மாசம், தாய்ப்பால் போதுகிறதா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்றெல்லாம் விசாரித்தார். சென்னியப்பன் படியில் கிடந்த சிமென்ட் மூட்டையின்மேல் உட்கார்ந்து, தண்ணீர்க் குழாய் ஒழுகுவதைக் கண்டுபிடித்து, வலது கையாலேயே திருகி நிறுத்தினார்.

திரும்பும்போது டவுன் பஸ்ஸில் ஏறினார்கள். டீச்சர் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்தபடியே வந்தார். சாரல் கண்ணாடியில் வழிந்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைச் சென்னியப்பன் பார்த்தார், பார்க்காததுபோல இருந்தார், பிறகு இருக்க முடியவில்லை.

"நாளைக்குக் காத்தால எந்திரிச்சு என்னங்க பண்ணுவீங்க?"

"நடக்கப் போறேன்," என்றார் டீச்சர் ஜன்னலைப் பார்த்தே. பிறகு திரும்பி அவருடைய இடது காலைப் பார்த்தார், பள்ளி மைதானத்தில் ஓடி முடித்து வந்த பிள்ளையின் காலைப் பார்ப்பதுபோல. "அந்தக் காலு இன்னும் இழுக்குது. விடிஞ்சதும் கேட்டு முன்னால வந்து நில்லுங்க. காக்க வெக்காதீங்க."

"சரிங்க," என்றார் சென்னியப்பன்.